மூவாரில் தங்கிவிட்ட படை

பரமேஸ்வரன் வந்தது கண்ணுக்கு. அவர் இருக்கிற கிள்ளானில் கண் டாக்டரே இல்லையா என்று கேட்கக்கூடாது. கேட்டவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மச்சான் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் நல்ல டாக்டர் ஒருவர் இருக்கிறார், புரையை எடுத்துவிட்டு இரண்டு நாள் கண்ணை மூடிப் படுத்துவிட்டு மூன்றாம் நாள் கொமுட்டர் ரயில் ஏறிவிடுவேன் என்று சொல்லித்தான் வந்தார். கையில் ஒரு துணிப்பை. கக்கத்தில் கல்யாணத் தாம்பாளம் அளவுக்கு ஓர் அட்டைப்பெட்டி. கண்ணுக்கு வருகிறவருக்குப் பெட்டி எதற்கு என்று அன்றைக்கே யாராவது யோசித்திருக்க வேண்டும்.

புரை எடுத்தாயிற்று. எதிர் மாடியில் காயும் துணிகளில் எது யாருடையது என்று இங்கிருந்தே சொல்லும் அளவுக்குப் பார்வை தெளிந்தும் ஆயிற்று. அதற்கப்புறம் தைப்பூசம் வந்து போனது. சீனப் புத்தாண்டு வந்து போனது. பரமேஸ்வரன் வந்ததோடு சரி.

இதில் அடிபட்டவர் மச்சான் ராதாகிருஷ்ணன். ரயில்வே பட்டறையில் ஆயுசு முழுக்க வியர்த்துக் கொட்டிய மனிதர். ஓய்வு பெற்ற கையோடு படுக்கையறையில் ஒரு ஏர்கோன் மாட்டினார். மாட்டிய அன்று கம்பளி வாங்கி வந்தார். கோலாலம்பூரில் கம்பளி போர்த்திப் படுப்பதுதான் ஒரு மனிதன் வாழ்க்கையில் ஜெயித்ததற்கு அடையாளம் என்று மனைவி அமுதவள்ளியிடம் சொன்னார். ஒரு மாதம் ஜெயித்தார். அப்புறம் மாப்பிள்ளை வந்தார்.

தங்கையைக் கட்டிய மாப்பிள்ளையை, வீட்டில் ஏர்கோன் அறை இருக்கும்போது, காற்றாடிக்குக் கீழே படுக்கவைக்க முடியுமா? "நீங்க உள்ள படுங்க மாப்பிள்ளை" என்று சொன்னது வேறு யாருமில்லை, ராதாகிருஷ்ணனேதான். அந்த வாயை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. அமுதவள்ளி பின்னறையில், ஷா ஆலமுக்குக் கட்டிக்கொடுத்த மகளின் ஒற்றைக் கட்டிலில் படுத்துக்கொண்டாள். ராதாகிருஷ்ணனுக்குக் கூடத்தில், சாப்பாட்டு மேசைக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவில், ஒரு மெத்தை. மேலே, சுற்றுகிறதா புலம்புகிறதா என்று தெரியாத ஒரு காற்றாடி. கம்பளியை மட்டும் தலைமாட்டில் மடித்து வைத்திருந்தார், ஞாபகத்துக்கு.

"எப்ப கிளம்புறீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டால் முடிந்துவிடும் காரியம். அதைத்தான் கேட்க முடியாது. சம்பந்த வழியில் வந்தவரைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டவன் குடும்பத்தில் தலை காட்ட முடியாது. அடுத்து வரும் எல்லாக் கல்யாணத்திலும் பந்தியில் அவன் இலைக்கு எதிரேயே உட்கார்ந்து அதைப் பேசுவார்கள். சுற்றி வளைத்துக் கேட்கலாம் என்று கிள்ளானிலிருக்கும் தங்கை தங்கமணிக்குப் போன் போட்டுப் பார்த்தார்.

"என்னம்மா, தனியா இருக்கியே, சிரமமா இல்லையா?"

"சிரமமா? அண்ணே, என் சாப்பாட்டு மேசையை நான் வருஷக்கணக்கா பாத்ததில்ல. இப்பதான் அதுக்கு நாலு காலு இருக்குன்னே தெரியுது. பூ ஜாடி வெச்சிருக்கேன். அவரு இருக்கட்டும், பாவம். கண்ணு நல்லா ஆறட்டும்."

மேசை என்று அவள் சொன்னதில்தான் முழுக்கதையும் இருக்கிறது. அந்தப் பெட்டிக்குள் இருந்தது ஒரு போர் விளையாட்டு. விரித்தால் சாப்பாட்டு மேசையை ஓரம்வரை மூடிவிடும் ஒரு பழைய கால வரைபடம்: மலாக்கா, ஜொகூர், பகாங், கெடா, நடுவில் நீரிணை. மரத்தில் செதுக்கிய யானைகள்தாம் படைகள். சரித்திர ஆசிரியர்கள் இதில் தலையிட வேண்டாம். எந்த நூற்றாண்டு என்பதெல்லாம் அந்த அட்டையில் கிடையாது, எல்லாரும் ஒரே நாளில் உயிரோடு இருக்கிறார்கள். ஆட்டம் ஒன்று தொடங்கினால் வாரக்கணக்கில் ஓடும், கலைக்கக்கூடாது. தங்கமணி கலைத்திருக்கிறாள். அதற்கப்புறம்தான் பரமேஸ்வரனுக்குக் கண் மங்க ஆரம்பித்தது.

ஆக, பிரிக்பீல்ட்ஸ் மேசையில் இப்போது ராஜ்யங்கள். வீட்டில் எல்லாரும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். பரமேஸ்வரனுக்கு மலாக்கா. "என் பேருக்கார ராஜா கட்டின ஊரு, வேற யாருக்குக் கொடுப்பீங்க?" என்று முதல் நாளே எடுத்துக்கொண்டார். ராதாகிருஷ்ணனுக்கு ஜொகூர். எதிர்வீட்டு வாலண்டைனுக்குப் போர்த்துகீசியர். வாலண்டைன் மாதா கோயில் நிர்வாகக் குழுவில் செயலாளர். அவர் தலையில் போர்த்துகீசியரைக் கட்டியது பரமேஸ்வரனின் குசும்பு. வாலண்டைன் தலையை ஆட்டிவிட்டார். அமுதவள்ளியின் வடைக்காக அவர் மங்கோலியரைக்கூட ஏற்றுக்கொண்டிருப்பார்.

வடையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மாப்பிள்ளை வீட்டில் இருக்கும்போது மாலைத் தேநீரோடு வெறும் பிஸ்கட் வைக்க முடியுமா? முடியாது. ஆகவே வடை. வாலண்டைன் வீட்டில் அவர் மனைவி சாந்தமேரி மூன்று வேளையும் ஓட்ஸ் போடுகிறவள். ஆக, மாப்பிள்ளை இருக்கும்வரைதான் தனக்கு வடை என்பதை வாலண்டைன் தெளிவாகப் புரிந்துவைத்திருந்தார்.

விளையாட்டில் படைகளுக்கு அரிசி போட வேண்டும். அரிசிக்கென்று பெட்டியில் வந்த வெள்ளைக் காய்கள் என்றைக்கோ தொலைந்துவிட்டதால், அமுதவள்ளியின் டப்பாவிலிருந்து துவரம்பருப்பு. ஆளுக்கொரு கிண்ணம். அட்டையில் எந்த யானை சாப்பிட்டாலும் அது தன் சமையலறையிலிருந்துதான் சாப்பிடுகிறது என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தகராறு வந்தது பதினான்காம் விதியில்.

நட்பு நாட்டின் படை தன் மண் வழியாகப் போவதற்கு ஓர் அரசன் வழி கொடுக்கலாம். கொடுத்துவிட்டால், அந்தப் படை உள்ளே நிற்கும்வரை அனுமதியைத் திரும்ப வாங்க முடியாது. வழி கொடுத்தவனே ஆட்டத்தின் ஒவ்வொரு பருவத்துக்கும் அதற்கு அரிசியும் போட வேண்டும். வந்த காரியம் முடிந்ததும் படை வெளியேற வேண்டும். இவ்வளவுதான் விதி. பகாங்கில் இருக்கும் வாலண்டைனை அடிக்கப் போகிறேன் என்று சொல்லி, பரமேஸ்வரன் தன் மொத்த யானைகளையும் ஜொகூருக்குச் சொந்தமான மூவாருக்குள் கொண்டுவந்தார். "தாராளமா போங்க மாப்பிள்ளை" என்றார் ராதாகிருஷ்ணன். வாய் மறுபடியும் அதே வாய்தான்.

யானைகள் மூவாரிலேயே நின்றுவிட்டன. பருப்பு போய்க்கொண்டே இருந்தது.

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் ராதாகிருஷ்ணன் விதிப்புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் நாள் இரவு முழுக்கக் காற்றாடி புலம்பியிருந்தது. முதுகு மெத்தையின் எல்லாச் சுருக்கத்தையும் எண்ணி முடித்திருந்தது.

"மாப்பிள்ளை, யானைங்க மூவார்ல நிக்குதே."

"நிக்கட்டும் மச்சான். யானைதானே."

"பகாங்குக்குப் போறேன்னு சொல்லித்தான உள்ள வந்தீங்க?"

"போவேன். இப்ப மழைக்காலம்."

"போன தடவையும் மழைக்காலம்னீங்க."

"இந்த நாட்ல எப்ப லா மழை இல்ல?"

வாலண்டைன் வடையோடு சேர்த்துச் சிரிப்பையும் விழுங்கினார்.

"வந்த காரியம் முடிஞ்சா வெளிய போகணும்னு விதி இருக்கு," என்று ராதாகிருஷ்ணன் விரலை வைத்துக் காட்டினார். "காரியம் என்ன? பகாங்ல வாலண்டைனை அடிக்கிறது. வாலண்டைன்தான் பகாங்கை விட்டே போயிட்டாரே!"

"ஆமாண்ணே, அங்க கொசு," என்றார் வாலண்டைன்.

"அவரு போயிட்டாரு. சரி. நான் அடிச்சேனா?" என்று பரமேஸ்வரன் நிமிர்ந்தார். "அடிக்காம காரியம் எப்படி முடியும்?"

"முடிஞ்சு எவ்வளவு நாளாச்சு! ரெண்டு கண்ணும்தான் இப்ப நல்லா..."

பரமேஸ்வரன் கையிலிருந்த வடையைக் கீழே வைத்தார்.

"என்ன கண்ணு?" என்றார் பரமேஸ்வரன்.

"ஒண்ணுமில்ல மாப்பிள்ளை. யானைக் கண்ணு. சின்னதா செதுக்கியிருக்கான், அதைச் சொன்னேன்."

பரமேஸ்வரன் யானையைத் தூக்கி, புதுக் கண்ணால் யானையின் கண்ணைப் பார்த்து, திரும்ப மூவாரிலேயே வைத்தார். அவர் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பேச்சையும் கப்பலில் கொண்டுபோய் இறக்காமல் விடமாட்டார்.

"மச்சான், சொல்றேன் கேளுங்க. சிங்கப்பூருக்குப் போக வேண்டிய கொண்டேனர் பெட்டி ஒண்ணு நம்ம துறைமுகத்துல இறங்குது. யார்டுல நிக்குது. மாசக்கணக்கா நிக்குது. அது இங்க வந்த சரக்கா? இல்ல! சட்டப்படி அது இன்னும் பயணத்துலதான் இருக்கு. நிக்கிறது வேற, தங்குறது வேற."

"கொண்டேனர் மூணு வேளை சோறு கேக்காதுண்ணே," என்று சமையலறையிலிருந்து அமுதவள்ளியின் குரல் வந்தது.

"அதான் தங்கச்சி நானும் சொல்றேன், யானை பாவம், சாப்பிடும்," என்றார் பரமேஸ்வரன். அவர் மேல் எதுவும் ஒட்டாது.

தீர்ப்பு வாலண்டைனிடம் போனது. கோயில் குழுவில் நாற்காலி வாடகைத் தகராறுகளைத் தீர்த்துப் பழகியவர். கண்ணாடியை மாட்டி, விதியை மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை வாசித்தார். யானைகள் மூவாரை விட்டுக் கிளம்பினால் அடுத்து வந்து நிற்பது தன் கோட்டை வாசலில் என்பது அவருக்குத் தெரியும். தட்டில் இன்னும் இரண்டு வடை இருப்பதும் தெரியும்.

"காரியம் முடிஞ்சுதா இல்லையான்னு, வந்தவங்க மனசுக்குத்தான் தெரியும்," என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றினார். "படை நிக்கலாம்."

"பாத்தீங்களா! வெளியாளு, நியாயமா சொல்றாரு," என்று பரமேஸ்வரன் ஒரு வடையை அவர் பக்கம் நகர்த்தினார்.

ராதாகிருஷ்ணனுக்கு வருத்தம்தான். யானைக்காக இல்லை; யானை எக்கேடும் கெடட்டும். இனி எத்தனை சனிக்கிழமை இந்த மெத்தையில் என்று நினைத்துப் பார்த்தார். வேறு வழியில்லாமல் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினார். விதி அங்கேயும் தொடர்ந்தது. படித்தார். இன்னொரு முறை படித்தார். பிறகு தன் யானைகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஆள் அரவமே இல்லாமல் கிடந்த மலாக்காவுக்குள் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்.

"என்ன மச்சான் பண்றீங்க?"

"வழி கொடுத்தா அது ரெண்டு பேருக்கும் வழின்னு போட்டிருக்கு. முதல் நாள் நீங்கதான் வாசிச்சுக் காட்டினீங்க. 'எனக்குத் திறந்தா உங்களுக்கும் திறந்த மாதிரி, நான் தாராளமான ஆளு'ன்னீங்க."

"அது சும்மா ஒரு பேச்சுக்கு... இப்ப எங்க போறீங்க?"

"கெடாவுக்கு."

"கெடாவுல உங்களுக்கு என்ன வேலை?"

"அது என் மனசுக்குத்தான் தெரியும். வாலண்டைன், அப்படித்தான?"

வாலண்டைன் மேல்கூரையைப் பார்த்தார். ராதாகிருஷ்ணன் கையை நீட்டி மலாக்காவின் கிண்ணத்திலிருந்து பருப்பை எடுத்துத் தன் யானைகளுக்கு முன் பரப்பினார். அடுத்த பருவத்தில் இன்னும் கொஞ்சம். பரமேஸ்வரனின் முகம் கிண்ணத்தோடு சேர்ந்து வற்றியது. தன் ஊரில், தன் அரண்மனையில், இன்னொருவன் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறான், துரத்தவும் முடியாது! அன்றைக்கு அவர் இரண்டாவது வடையைத் தொடவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ராதாகிருஷ்ணன் தட்டைக் கழுவ உள்ளே போனபோது அமுதவள்ளி சாம்பார்ச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலேயே கேட்டாள்.

"என்னங்க, கிள்ளான்ல தங்கமணி வீட்ல ஏர்கோன் இருக்குல்ல?"

"இருக்கே. மாப்பிள்ளை ரூம்ல."

"அது சும்மாதான கெடக்குது," என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் சட்டியைக் கவிழ்த்து வைத்தாள்.

திங்கட்கிழமை காலையில் பசியாறிய கையோடு ராதாகிருஷ்ணன் கொமுட்டர் ஏறினார். கையில் ஒரு துணிப்பை, கக்கத்தில் கம்பளி. கிள்ளானில் கதவைத் திறந்த தங்கமணி வாயைப் பிளந்தாள்.

"வாங்கண்ணே! என்ன திடீர்னு?"

"பல்லும்மா. இங்க ஒரு நல்ல பல் டாக்டர் இருக்காராமே. ரெண்டு நாள்."

"பிரிக்பீல்ட்ஸ்ல பல் டாக்டரே இல்லையா?" என்று அவள் கேட்கவில்லை. கூடப் பிறந்த அண்ணனை அப்படிக் கேட்பதா? உள்ளே போய்ப் புது விரிப்பு போட்டாள், ஏர்கோனைத் தட்டிவிட்டாள். ராதாகிருஷ்ணன் கம்பளியை மூக்குவரை இழுத்துக்கொண்டு, மாப்பிள்ளையின் நீலத் தலையணையில் தலையை வைத்தார். அடுத்து அவர் கண் திறந்தபோது தங்கமணி மதியச் சாப்பாட்டுக்கு மூன்றாவது முறையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். சாப்பிட்டார். மேசையில், பூ ஜாடிக்குப் பக்கத்தில், தட்டை மேசைமேலேயே வைத்துச் சாப்பிட்டார். மறுபடி போய்ப் படுத்தார்.

மாப்பிள்ளை போன் போட்டார்.

"பல்லு எப்படி மச்சான்?"

"வலிக்குது மாப்பிள்ளை. டாக்டர் பாக்கணும்னாரு."

மறுநாளும் போட்டார். "மச்சான், அந்த நீலத் தலகாணிய நீங்க போட்டுக்கலதானே? அது என் கழுத்துக்குன்னு வாங்கினது."

"நல்லா இருக்கு மாப்பிள்ளை. என் கழுத்துக்கும் நல்லா இருக்கு."

அதற்கடுத்த நாள் போன் வந்தபோது மீன் பொரித்துக்கொண்டிருந்த தங்கமணி அதை ஸ்பீக்கரில் போட்டு அடுப்புப் பக்கத்தில் வைத்து, அங்கே நின்ற அண்ணனைப் பேசவிட்டாள். அது பரமேஸ்வரனுக்குத் தெரியாது. அவர் வெயிலைப் பற்றிப் பேசினார், வாலண்டைன் வர ஆரம்பித்தால் போவதே இல்லை என்று பேசினார், ஜொகூர் யானைகள் இன்னும் தன் பருப்பைத் தின்றுகொண்டிருக்கின்றன, ஆள் இல்லாவிட்டாலும் விதி விதிதானே என்று பேசினார். பிறகு, ஒரு மனிதன் எவ்வளவுதான் தாங்குவான், கேட்டே விட்டார்.

"ஆமா... எப்ப கிளம்புறீங்க மச்சான்?"

கரண்டி கீழே விழுந்தது.

"யாரைப் பாத்து என்ன கேள்வி கேக்குறீங்க!" என்று தங்கமணி போனுக்குள் குனிந்தாள். "என் கூடப் பொறந்த அண்ணன்! பல்லு வலியோட வந்திருக்காரு! எங்கண்ணன் வீட்ல நீங்க காலை நீட்டிப் படுத்துக்கிட்டு, எங்கண்ணன் என் வீட்ல ரெண்டு நாள் இருந்தா எப்ப கிளம்புறீங்களா? ராஜம்மா அத்தைக்கு இது தெரிஞ்சா என்ன ஆகும்?"

ராஜம்மா அத்தைக்குத் தெரிந்தால் அது கோலாலம்பூரில் சாலாக் செலாத்தானிலிருந்து அம்பாங்வரை தெரிந்தமாதிரி. அப்படியொரு கேள்வி வாயைத் தாண்டிவிட்டால் அதற்கு ஒரே பரிகாரம்தான் உண்டு: நேரில் வந்து, பழத்தட்டு வைத்து, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்வது. அன்று மாலையே பரமேஸ்வரன் வந்தார். கையில் ஆரஞ்சுப் பழம், துணிப்பை, கக்கத்தில் பெட்டி. ஆட்டத்தைக் கலைத்து, யானைகளையெல்லாம் ஒரே பைக்குள் அள்ளிப் போட்டிருந்தார். மூவார் யானை எது, மலாக்கா யானை எது என்று இனி யாருக்கும் தெரியாது.

"தப்பா எடுத்துக்காதீங்க மச்சான்."

"ஐயோ, என்ன மாப்பிள்ளை இது. பாருங்க, வலி டக்குனு நின்னுடுச்சு."

பெட்டியைப் பார்த்த தங்கமணி பூ ஜாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேசைக்கு முன்னால் நின்றாள். அந்தப் போர் எப்படி முடிந்தது என்று பார்க்க ராதாகிருஷ்ணன் காத்திருக்கவில்லை. போயிட்டு வரேன் என்று சொல்லி மறுநாள் காலை வண்டியைப் பிடித்தார். வண்டியில் ஏர்கோன் சில்லென்று அடித்தது. கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு ராஜா ஊர் திரும்புவதுபோல உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் மேசை பளபளவென்று துடைத்திருந்தது. கூடத்தில் மெத்தை இருந்த இடத்திலேயே இருந்தது. படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து ஏர்கோனின் மெல்லிய ஊதல். தள்ளிப் பார்த்தார். தாழ்ப்பாள்.

"அமுதா?"

"ம்."

"நான்தான். வந்துட்டேன். மாப்பிள்ளை போயிட்டாரு."

"தெரியும். பல்லு நல்லாயிடுச்சா?"

"ஆயிடுச்சு. கதவைத் தொற. கொஞ்சம் படுக்கணும்."

"படுங்க. மெத்தை அங்கதான இருக்கு. பின்னறையும் காலிதான்."

"உள்ள ரெண்டு பேரு படுக்கலாமே!"

"உங்க குறட்டைக்கு விதியில இடமில்ல."

ராதாகிருஷ்ணன் கதவில் நெற்றியை வைத்தார். பலகை குளிர்ந்திருந்தது. "நீ உள்ள என்னதான் பண்ற?"

"நானா? சும்மா. பகாங்குக்குப் போற வழி."

"எப்ப கிளம்புவ?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன கேட்டுவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. உள்ளே கட்டில் ஒருமுறை முனகியது. அவள் சாவகாசமாகத் திரும்பிப் படுத்திருக்க வேண்டும்.

"மழை விடட்டும்," என்றாள்.

சன்னலுக்கு வெளியே பிரிக்பீல்ட்ஸ் வெயிலில் வெந்துகொண்டிருந்தது. ராதாகிருஷ்ணன் கம்பளியை நான்காக மடித்து மேசைமேல் வைத்து அதன்மேல் கன்னத்தைச் சாய்த்தார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மாலை நேரத்துக்கு வழக்கமாக வருகிற வாலண்டைன் இன்றைக்கு மதியமே வந்துவிட்டார். சமையலறைப் பக்கம் மூக்கை நீட்டினார், மேசையில் ராஜ்யமும் இல்லை, தட்டும் இல்லை.

"என்னண்ணே, வீடு அமைதியா இருக்கு? அக்கா இல்லையா?"

"இருக்கா," என்றார் ராதாகிருஷ்ணன், தலையைத் தூக்காமல். "மூவார்ல."